ஒரு துண்டுப் பவளப்பாறையைக் கொன்ற கதை

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் டீச்சராக இருந்தேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ். படிப்பு கொஞ்சம், திமிர் நிறைய. அறிவியல் கண்காட்சிக்கு மற்றவர்கள் எரிமலை செய்துகொண்டிருக்க, நான் கடலையே கொண்டுவருகிறேன் பார் என்று கிளம்பினேன். தூத்துக்குடியில் ஒரு மீனவரைப் பிடித்து, உயிருள்ள பவளப்பாறைத் துண்டு ஒன்றை ஒரு கேன் கடல்நீரில் போட்டுத் தூக்கிவந்தேன். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம். பார்ப்பதற்குக் கல், உண்மையில் சின்னஞ்சிறு உயிர்களின் குடியிருப்பு. அவற்றின் உடம்புக்குள் வாழும் பாசிதான் அதற்கு நிறமும் தருகிறது, சோறும் போடுகிறது.

ஆய்வகத்தில் ஓர் அட்டெண்டர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். பத்து வருஷமாகத் தற்காலிக வேலை. அந்த வருஷம்தான் நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. வீட்டில் நாலு வயிறு அதை நம்பியிருந்தது.

எல்லார் கண்ணிலும் படட்டும் என்று கண்ணாடித் தொட்டியை மேற்குச் சன்னலோரம் வைத்தேன். புரட்டாசி வெயில் சும்மா விடுமா?

"தண்ணி சுடுது டீச்சர். செத்தத் தள்ளி வைப்பமா?" என்றார் அட்டெண்டர்.

"நீ படிச்சிருக்கியா, நான் படிச்சிருக்கேனா?" பிள்ளைகள் முன்னால் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது இனிக்கத்தான் செய்தது.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு கை வைத்தோம். தண்ணீர் வற்ற வற்ற, கிணற்றுத் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து நான் ஊற்றினேன். பிள்ளைகள் பாசத்தோடு முறுக்கைப் பொடித்துப் போட்டார்கள். அது அடியில் கிடந்து அழுகியது. தலைமையாசிரியர் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். சுண்ணாம்புத் தூள் தொட்டியில் இறங்கியது. சனிக்கிழமை எல்லாச் சுவிட்சையும் அணைக்கச் சொல்லி ஆபீஸ் உத்தரவு. அட்டெண்டர் தொட்டித் தண்ணீருக்குள் காற்று ஊதும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை பாசி வெளியேறி, துண்டு வெள்ளைவெளேரென்று இருந்தது. "அடடா, என்ன அழகு!" என்றார் தலைமையாசிரியர். மூன்றாம் நாள் நாற்றமெடுத்ததும் அதே மனிதர், "யார் இதுக்குக் காரணம்?" என்று குதித்தார்.

எனக்குப் பாடம் தெரியும். வெறும் சூடு என்றால் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். வெறும் கலங்கல் என்றாலும் தாங்கும். எல்லாம் ஒன்றுசேர்ந்து அமுக்கும்போதுதான் அது சாகிறது, கடலிலும் அப்படித்தான். இதை வகுப்பில் தொண்டை வற்ற நடத்துகிறவள், விளக்கக் கடிதத்தில் ஒரே வரி எழுதினேன்: அட்டெண்டர் மோட்டாரை நிறுத்தியதால் இறந்தது. உத்தரவு போட்டவர்களும் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

சில நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்தார்.

"வேல போனாப் போகுது டீச்சர். எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நெசமா நான் மோட்டார அமத்துனதுலதான் அது செத்துச்சா? வேற ஒண்ணுமில்லையா?"

சுற்றிலும் தெரிந்த முகங்கள். "ஆமா," என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "வாயில்லாச் சீவன். தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க டீச்சர்," என்று என்னைக் கும்பிட்டார்.

"சரி, பரவாயில்ல. இனிமேப் பாத்து நடந்துக்கோ," என்றேன்.