நாற்காலி வராத வாசல்

ஊருக்கெல்லாம் நாற்காலி போடுகிறவர் குடும்பத்துத் துக்கத்துக்கு வந்தவர்கள், ஏன் நின்றுகொண்டே இருந்தார்கள்? அன்று என் தங்கை என் காதோரம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவரை எல்லாரும் ஹலோ அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். மைக், பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்கள் சங்கத்துக்கு அவர் செயலாளர். அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது இறந்தால், மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நாற்காலியோடு வந்து, வாசலில் நிழல் போட்டுக் கொடுப்பார்கள். வாடகை கிடையாது.

அவருடைய தம்பியும் ஒரு காலத்தில் உறுப்பினர்தான். சங்கம் வேலைநிறுத்தம் செய்த நாளில், பிள்ளைகள் வெயிலில் காய்கிறார்களே என்று ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பந்தல் போட்டுவிட்டான். ஆண்டுக் கூட்டம் அவனை நீக்கியது. அந்தத் தீர்மானத்தை மைக்கில் வாசித்தவர் அண்ணன்தான். ஆண்டுக் கூட்டம் நீக்கியவனை ஆண்டுக் கூட்டம்தான் திரும்பச் சேர்க்க முடியும்.

இந்த வருடம் தம்பி நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டான். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அண்ணா, நான் போற அன்னிக்கு வாசல் வெறிச்சுனு இருக்கக் கூடாது. என்னைத் திரும்பச் சேத்துடு. வேற எதுவும் கேக்கல."

"இந்தக் கூட்டத்துல முதல் தீர்மானமே நீதான்டா," என்றார் அண்ணன்.

அந்த வாரமே உள்ளாட்சித் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். கூட்டத்துக்குக் குறித்திருந்த ஞாயிறு, பிரசாரம் கொடிகட்டிப் பறக்கும் ஞாயிறாகிப் போனது. சாமான்கள் பிரசாரத்துக்குப் போய்க் காலியாகிக்கொண்டிருந்த கிடங்கில் சங்கக் கமிட்டி கூடியது.

"எல்லாக் கட்சிக்காரனையும் உக்கார வெக்கிறோம். நமக்கு உக்கார ஒண்ணு இல்ல பாரு," என்று சிரித்தார் சீரியல் விளக்குக்காரர்.

"ஆளே வராம தீர்மானம் போட்டா செல்லாதுப்பா. நீ என்ன சொல்ற, ஹலோ?" என்றார் சங்கத் தலைவர்.

அண்ணனுடைய சாமான்களுக்கும் பிரசாரம் முழுக்க வேலை இருந்தது. வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கிற சாமான்கள். தம்பியின் முகம் கண்முன் வந்தது. தாங்கிவிடுவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"ஓட்டு எண்ணி முடிஞ்சதும் வெச்சுக்கலாம்," என்றார்.

கட்டிலோரம் உட்கார்ந்து அதைச் சொன்னபோது தம்பி கோபப்படவில்லை.

"சரிண்ணா. அப்ப நானும் தள்ளி வெச்சுக்கறேன்," என்றான். சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது.

அவனால் தள்ளி வைக்க முடியவில்லை. வாக்கு எண்ணுகிற நாள் காலையில் போய்விட்டான்.

அண்ணன் சங்கத் தலைவருக்குப் போன் போட்டார். "மனசு கேக்கலப்பா. ஆனா சங்கத்துல இல்லாத ஆளுக்கு நான் எப்படிச் சொல்றது? அதுவும் இன்னிக்கு?" என்றார் அவர்.

தெருக்கோடியில் வெற்றி மேடை. அங்கே கிடந்ததெல்லாம் அண்ணனுடைய நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் கடையின் பெயர், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள்.

"பத்து நாற்காலி மட்டும் எடுத்துக்கறேன்பா. வீட்ல துக்கம்."

"ஐயோ அண்ணே, ஜெயிச்சவர் வர்ற நேரம்! யாரை எழுப்பச் சொல்றீங்க? மைக் வேற கரகரங்குது. அதைக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க," என்றான் மேடையைக் கவனித்துக்கொண்டிருந்த கட்சிக்காரன்.

கை பழக்கத்தில் போனது. வயரைச் சரிசெய்தார். மைக்கைத் தட்டினார். "ஹலோ... ஹலோ..."

வெறுங்கையோடு அவர் திரும்பியபோது தம்பி மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

"உங்க குரல் இங்க வரைக்கும் கேட்டுச்சு மாமா," என்றாள். வந்த பெரியவர்கள் சுவரில் சாய்ந்தும், கால் மாற்றியும் வெயிலில் நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு ஆண்டுக் கூட்டம் நடந்தது. நாற்காலிகள் வேண்டிய மட்டும் இருந்தன. தம்பியைத் திரும்பச் சேர்க்கும் தீர்மானத்தைச் சங்கத் தலைவரே கொண்டுவந்தார். ஒரு கைகூடக் கீழே இல்லை. முடிவை அறிவிக்க வேண்டியவர் செயலாளர். அண்ணன் மைக் முன்னால் வந்து நின்றார். மைக் நன்றாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் குரல் வரவில்லை. இன்றுவரை அவர் மைக்கைத் தொடுவதில்லை.

உங்களுக்குத் தெரிந்த சங்கத்தில் யாராவது "கூட்டத்தை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சொன்னால், தேதியை மாற்றுவதற்கு முன் இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.