வசவை மனுவாக்கிய மட்டுறுத்துநர்

ஒரே ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தை வைத்துக் கொக்கிரகுளத்தில் ஜாப் டைப்பிங் கடை போட்டவன் நான். அது மூன்று இயந்திரமானது. ஜெராக்ஸ் வந்தது, எஸ்.டி.டி. பூத் வந்தது. எங்கள் தெருவின் முதல் கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்து நான்தான் கொண்டுவந்து இறக்கினேன். பெருமாள்புரத்தில் மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, துபாயிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் சிதறிக் கிடந்த நெல்லைச் சீமைக்காரர்கள் தமிழிலேயே பேசிக்கொள்ள ஓர் இணையப் பலகை இருந்ததே, அது நின்றதும் என் பத்து விரலில்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆறாவது படித்திருந்தால் நானும் எவனிடமாவது வேலைக்குத்தான் போயிருப்பேன்.

அந்தப் பலகையை நடத்தியது யார் என்று இப்போது ஆளாளுக்குச் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தட்டச்சு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கூட்டிப் பெருக்கி, ரிப்பன் மாட்டும் வேலை பார்த்தேன். மாணவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் உட்கார்ந்து தமிழ் விசைகளை நானே பழகிக்கொண்டேன். பரீட்சை எழுதவில்லை. ஆனால் பரீட்சை எழுதிப் பாஸானவர்கள் என் பக்கத்தில் உட்கார வெட்கப்பட்டார்கள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. பாளையங்கோட்டையில் பிறந்து அமெரிக்காவில் என்ஜினீயராக இருந்த ஒருவர் விடுமுறையில் வந்தார். அப்பா பெயரில் இருந்த பட்டாவை மாற்ற மனு தட்டச்சு செய்ய வேண்டுமென்று கடைக்கு வந்தவர், மனுவைப் பார்க்கவில்லை; என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல தமிழ் இந்த வேகத்துல அடிக்க அமெரிக்காவுலயே ஆளு கிடையாது.”

“அமெரிக்காவுல எதுக்குவே தமிழ் அடிக்காங்க?” என்று கேட்டேன்.

அப்போதுதான் பலகையைப் பற்றிச் சொன்னார். ஊர்க்காரர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் அதில் எழுதலாம், எல்லோரும் வாசிக்கலாம், பதில் போடலாம். ஆனால் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி அனுப்புகிறார்கள். வாசிக்கக் கண்ணைக் குத்துகிறது. அதைத் தமிழாக்கிப் போடவும், நல்லது கெட்டது பார்த்து விடவும் ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மட்டுறுத்துநர் என்று பெயர். சம்பளம் கிடையாது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் தமிழ் தெரியும். பஸ் போர்டையும் மருந்துச் சீட்டையும் எழுத்துக்கூட்டி வாசித்த அனுபவம் போதாதா? ஒத்துக்கொண்டேன். பலகைக்குள் போகும் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தார். நாங்கள் அதைச் சாவி என்போம். அமெரிக்காவிலேயே இன்னும் இரண்டு என்ஜினீயர்களிடமும் சாவி இருந்தது. அவர்கள் சனி, ஞாயிறில் எட்டிப் பார்ப்பார்கள். தினசரி வேலை என்னுடையது.

ஒரே ஒரு விதி சொன்னார். “வந்தத விடலாம், இல்ல நிறுத்தலாம். நடுவுல ஒண்ணும் செய்யக் கூடாது.”

காலையில் போன் லைனில் கம்ப்யூட்டரை மாட்டுவேன். கிர்ரென்று கத்தி அது உள்ளே போகும். வந்திருக்கும் கடிதங்களை இறக்கிக்கொண்டு உடனே லைனை அறுத்துவிடுவேன். இல்லாவிட்டால் பூத்தில் காத்திருப்பவர்கள் என்னை அறுத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, மனு வைக்கிற ஸ்டாண்டில் செருகி, தமிழில் அடித்து, மத்தியானம் மறுபடி லைனை மாட்டிப் பலகையில் ஏற்றுவேன். ஒருமுறை ஒரு டாக்டர் இரண்டு பக்கம் முழு இங்கிலீஷில் அனுப்பினார். ‘தமிழில் எழுதவும்’ என்று திருப்பி அனுப்பினேன். டாக்டரைத் தமிழ் எழுத வைத்த ஐந்தாம் வகுப்புக்காரன் யாரென்று விசாரித்துப் பாருங்கள்.

பூத்தைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. “காசில்லாத வேலைக்கு ஆபீசர் கணக்கா உக்காந்திருக்கிய” என்பாள். ஆபீசர்தான். என்ஜினீயர்களும் டாக்டர்களும் வாத்தியார்களும் எழுதுவது என் மேசையைத் தாண்டாமல் போகாது. எந்த மாடி வீடும் தராத மரியாதை அது. அதனால்தான் அந்தச் சாவி போய்விடுமோ என்ற நிலை வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வினை கருப்பட்டியில் வந்தது.

துபாயில் இருந்த ஓர் உடன்குடிக்காரர், தங்கள் ஊர்க் கருப்பட்டிக்கு நிகர் உலகத்தில் இல்லை என்று எழுதினார். அவர் தகப்பனார் அங்கே கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். சிங்கப்பூரில் இருந்த ஒரு திசையன்விளைக்காரர், ‘உடன்குடி மண்டியில் கிடக்கிற மூட்டையில் பாதி எங்கள் பக்கத்துப் பனையில் இறங்கியது’ என்று பதில் போட்டார். அவர் தகப்பனார் பனை ஏறியவர். இரண்டே வாரத்தில் கருப்பட்டி கரைந்து போய் அப்பன், ஆத்தாள் என்று இறங்கிவிட்டார்கள்.

அமெரிக்காக்காரர் பூத்துக்கு போன் போட்டார். “அண்ணாச்சி, இது இதோட நிக்காது. அடுத்தது சாதி, மதம்னுதான் போவும். அப்படி ஒரு வரி பலகையில ஏறிட்டா அன்னைக்கே இழுத்து மூடிருவேன்.”

அவர் பயம் நியாயம். அந்த வருஷங்களில் அப்படிப்பட்ட பேச்சு கலவரமாகி எங்கள் பக்கம் பஸ் ஓடாத நாட்கள் இருந்தன. கடிதங்களை நிறுத்தினால் இரண்டு பேரும் பலகையை விட்டுப் போவார்கள், கூடவே பத்துப் பேரை இழுத்துக்கொண்டு. விட்டால் பலகையே போய்விடும். நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

எனக்குத் தெரிந்த வேலை என்ன? கடைக்கு வருகிறவர்கள் சொல்வதை அப்படியே அடித்தால் ஒரு மனுவும் ஆபீஸ் வாசலைத் தாண்டாது. ஒருவர் வந்து, “நெலத்த அளந்த பயலுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?” என்பார். நான், ‘மேற்படி அளவையின்போது கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம் எனப் பணிவுடன் கருதுகிறேன்’ என்று அடிப்பேன். வாசித்துக் காட்டினால், “இதத்தான நானும் சொன்னேன்” என்று கையெழுத்துப் போடுவார். இருபது வருஷமாக இதுவே பிழைப்பு.

துபாய்க்காரர், ‘கருப்பட்டிக்கும் கருங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத பய, நீ பேச வந்துட்ட’ என்று எழுதியிருந்தார். பலகையில் ஏறியது இது: ‘கருப்பட்டியின் தரம் குறித்துத் தங்களுக்கு மேலும் விவரம் தேவைப்படலாம் எனத் தோன்றுகிறது.’ சிங்கப்பூர்க்காரர், ‘ஒங்க மண்டியில கருப்பட்டின்னு விக்க சீனிப்பாகுல ஈ கூட ஒக்காராது’ என்று எழுதியிருந்தார். ஏறியது: ‘தங்கள் மண்டிச் சரக்கின் தூய்மை பற்றி அறிய ஆவலாக உள்ளேன்.’

தன் கடிதம் மாறியிருப்பது இரண்டு பேருக்கும் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவரும், தன் எழுத்தை மட்டும்தான் அண்ணாச்சி திருத்தியிருக்கிறார், எதிராளி தானாகவே மரியாதையாக எழுதுகிறான் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறார்கள். நான்காம் வாரத்தில் துபாய்க்காரர் பதனீர் காய்ச்சும் பக்குவத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதினார். அதில் நான் ஓர் எழுத்தைத் தொடவில்லை. சிங்கப்பூர்க்காரர் ‘அன்புள்ள நண்பருக்கு’ என்று ஆரம்பித்தார். பலகையில் இருந்த நானூறு பேரும் வாயடைத்துப் போனார்கள். எனக்கு மீசை தானாக மேலே போயிற்று.

என்னைக் காட்டிக்கொடுத்தது புகழ்ச்சி. துபாய்க்காரர் நன்றி தாங்காமல் அமெரிக்காவுக்கு எழுதிவிட்டார்: ‘நான் கோபத்தில் எழுதியதைத் திருத்தி அண்ணாச்சி என் மானத்தைக் காப்பாற்றினார்.’

மறுநாளே போன். “திருத்தினீங்களா அண்ணாச்சி?”

“திருத்தினேன்.”

“அவரோடத மட்டுமா?”

“ரெண்டு பேருதும்.”

“இனிமே எந்த எழுத்து எவன் எழுத்துன்னு யாரு நம்புவா? நீங்களே சொல்லுங்க” என்றார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் அந்த மாதம் ஊருக்கு வருகிறார்கள். அசல் கடிதங்களை அவர்களிடம் காட்ட வேண்டும். பார்த்த பிறகும் ஆட்சேபணை இல்லை என்று இருவரும் எழுதிக் கொடுத்தால் சாவி என்னிடம் இருக்கும். ஒருவர் மறுத்தாலும் போய்விடும்.

வந்தார்கள். அதுவரை முகம் பார்க்காதவர்கள், என் கடை வாசலில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். துபாய்க்காரர் ஓர் ஓலைக் கொட்டானை மேசையில் வைத்தார். உள்ளே உடன்குடிக் கருப்பட்டி. சிங்கப்பூர்க்காரர் பக்கத்திலேயே இன்னொரு கொட்டானை வைத்தார். என் மனைவி, “இது மனு அடிக்க கடையா, கருப்பட்டி மண்டியா?” என்று கேட்டு இரண்டிலும் ஒவ்வொரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். எது நல்லது என்று கடைசி வரை சொல்லவில்லை.

நான் கோப்பை எடுத்து வைத்தேன். நகல் வைக்காமல் எதையும் அடிக்க மாட்டேன். அவர்கள் எழுதிய அசல் ஒவ்வொன்றும் தேதி வாரியாக ஓட்டை போட்டு, நாடா கட்டி இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக வாசிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு பைய அடங்கியது.

“சீனிப்பாகுல ஈ ஒக்காராதாமா? இது நீரு எழுதுனதாவே?” என்றார் துபாய்க்காரர்.

“மொதல்ல உம்ம எழுத்த வாசியும். நான் கருங்கல்லு நக்குத பயலாம்லா.”

“நக்குதன்னு எங்கவே எழுதினேன்? வித்தியாசம் தெரியாதுன்னுதான எழுதிருக்கேன்.”

“தெரியாட்டா நக்கித்தான பாக்கணும்?”

பெஞ்சில் மனுவுக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் முதலில் சிரித்தார். “யாரு கேசு தாயி இது?” என்று என் மனைவியைக் கேட்டார். “கருப்பட்டி கேசு” என்றாள். “எவன் ஜெயிப்பான்?” “ஈதான்.” துபாய்க்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சும்மா சொல்லக் கூடாதுவே, ஈ மேட்டரு நல்லாத்தான் இருக்கு” என்றார். சாவி கிடைத்தது என்றே நினைத்தேன். டீயும் வடையும் சொல்லி அனுப்பினேன்.

அப்போது சிங்கப்பூர்க்காரர் ஒரு தாளில் நின்றுவிட்டார். தான் எழுதியதைத் தானே சத்தமாக வாசித்தார்: “பனையில ஏறினது எங்கப்பா. அவுக நெஞ்சுல காய்ச்சுப் போன தழும்பு இருக்கு. மூட்டை மேல இருக்கது ஒங்க ஊருப் பேரு.”

நான் அதை, ‘விளைபொருளின் பிறப்பிடத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்’ என்று ஆக்கியிருந்தேன்.

“அண்ணாச்சி, வசவ மாத்தினிய, சரி. இது வசவா?”

பூத்திலிருந்து என் மனைவி சொன்னாள்: “இல்ல.”

துபாய்க்காரர் அந்தத் தாளை வாங்கி இன்னொரு தடவை வாசித்தார். “ஒங்க பக்கத்துத் தேரிக்காட்டுலருந்து எங்க வாப்பா மண்டிக்குச் சரக்கு வாரது நெசந்தான். வண்டி வந்து நிக்கும். கொண்டுவந்தவுகளுக்குத் தண்ணி குடுத்தது நான்தான். பேரு ஒண்ணுகூட கேட்டதில்ல” என்றார். அப்புறம் கொஞ்சம் கோபமாகவே என்னிடம் திரும்பினார். “இது எனக்கு அப்பமே வந்திருந்தா நான் அன்னைக்கே வாய மூடியிருப்பேன். நீரு மூட வுடலயேவே.”

அந்த ஒரு வரியை நான் தொட்டிருக்கக் கூடாது. என் வேலையில் நான் ஒத்துக்கொள்ளும் தப்பு இது ஒன்றுதான். சாவியை எழுதிக் கொடுத்த தாளை மேசை டிராயரிலிருந்து எடுத்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டேன். “ஒங்க இஷ்டம்” என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூர்க்காரர், “இயந்திரத்துல பேப்பர மாட்டுங்க” என்றார். துபாய்க்காரர், “நாங்க சொல்லுததுல ஒரு எழுத்த மாத்தாதிரும்” என்றார். என் வாழ்நாளில் வாயில் வந்ததை வந்தபடி அடித்தது அன்றைக்குத்தான். கடிதம் இது:

‘இந்த ஆளு செஞ்சது தப்புதான். ஆனா செய்யாட்டா நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு ஒரே பெஞ்சுல ஒக்காந்து வடை தின்னுக்கிட்டு இருக்க மாட்டோம். சாவி இவருட்டயே இருக்கட்டும். இனிமே எங்க கை வச்சாலும் வச்சேன்னு கீழ எழுதணும். பனை ஏறினவுகளப் பத்தின வரிய எழுதுனபடியே போடணும்.’

கையெழுத்துப் போட்டார்கள். அன்று மத்தியானமே அந்த வரியை எழுதியபடியே ஏற்றினேன். அதற்கு வந்த பதில்களைப் போல அந்தப் பலகையில் வேறு எதற்கும் வந்ததில்லை. தன் தகப்பன் நெசவு நெய்த ஊர், தன் தாய் பீடி சுற்றிய கம்பெனி என்று பேர் பேராக எழுதினார்கள். எல்லாவற்றையும் அடித்துக் கை வீங்கிப் போயிற்று. அமெரிக்காக்காரர் போனில், “அண்ணாச்சி, சாவி ஒங்களோடதுதான்” என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து நான் தொட்ட கடிதத்துக்கு அடியில் ‘மட்டுறுத்துநர் கை பட்டது’ என்று ஒரு வரி போட்டேன். பிற்பாடு வந்த எத்தனையோ பலகைகளில் இந்த மாதிரி வரியைப் பார்க்கிறேன். எங்களைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்பேன். இல்லையென்று சொல்கிறவர்கள் ஆதாரத்தோடு வரட்டும். என்னிடம் கோப்பு இருக்கிறது.

இப்போது அந்தப் பலகைக்காரர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதி என் கைக்கு வந்தது. மட்டுறுத்துநர்கள் என்று, சனி, ஞாயிறில் எட்டிப் பார்த்த அந்த இரண்டு என்ஜினீயர்களின் படம். அடியில் வரி போடும் வழக்கம், ‘நிர்வாகக் குழு கொண்டுவந்த நடைமுறை’யாம். எந்தக் குழு? என் கடையில் வடை தின்ற குழுவா? கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘தட்டச்சு உதவி: ஊர் நண்பர் ஒருவர்’ என்று இருக்கிறது. அந்த ஒருவர் நான்.

உதவி என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். ஒருவர் என்பதையும் எடுத்துவிட வேண்டும். மட்டுறுத்துநர்கள் வரிசையில் முதலில் என் பெயர், இனிஷியலோடு, மற்றவர்களுக்குப் போட்ட அதே அளவு எழுத்தில் வர வேண்டும். அந்த வழக்கம் யாரால் வந்தது என்ற இடத்தில் துபாய்க்காரர், சிங்கப்பூர்க்காரர், நான் என்று மூன்று பெயரும் இருக்க வேண்டும். படம் வேண்டுமென்றால் கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன்.