பொழுதோட

அண்ணனின் அந்த ஓட்டைக் காரில் கொல்லங்கோட்டிலிருந்து பீர்மேடு வரைக்கும் போனதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அக்கா தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு போய் இருபது வருடமாகியிருந்தது. அவள் கடிதம் வந்தால் பிரிக்காமலே கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில் ஒரு கார்டு வந்தது. வேறு கையெழுத்தாக இருந்ததால் படித்துத் தொலைத்தேன். எழுதியவர் அக்கா வீட்டுக்காரர். "மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் மாதா கோயிலுக்குள் போவேன் என்று பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறாள். பொழுதோட வந்து சேருங்கள்."

அக்கா மேல் கோபம் சரி, அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? பொள்ளாச்சிக்குப் போய் ஒரு பட்டுச்சேலை எடுத்து வந்தேன்.

"புதங்கிழமையே கெளம்பிரலாம்டா. வண்டி பழசு" என்றார் அண்ணன்.

"பொழுதோடன்னுதானுங்கண்ணா எழுதியிருக்குது? சாயங்காலம் போனாப் போதும். அவங்க ஊட்டுல ஒரு ராத்திரி தங்கோணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

வியாழக்கிழமை விடியப் புறப்பட்டோம். உடுமலை தாண்டுமுன்பே டயர் வெடித்தது. பழனியில் சாவகாசமாகச் சாப்பிட்டோம். குமுளி மலையேற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துக் கொதித்து நின்றது. அண்ணன் தகர டின்னோடு நாலாவது தடவையாக ஓடைக்கு இறங்கியபோது நான் கத்திவிட்டேன்.

"இதைப் பேரிச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எவனும் வாங்க மாட்டானுங்கண்ணா!"

"சாயங்காலத்துக்குள்ள போயிரலாம். கத்தாதே."

போய்விட்டோம். ஆனால் எஸ்டேட் லயத்தில் அக்கா வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என்ன மச்சான், பொழுதோட வாங்கன்னு எழுதினேன்லா?"

"பொழுதோடதானே வந்திருக்கறோம்? பொழுது இப்பத்தானே எறங்குது?" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். "ஐயையோ! பொழுதோடன்னா முன்கூட்டியேல்லா? காலையில பத்து மணிக்குக் கல்யாணம் மச்சான். மாமா வராம உள்ள போகமாட்டேன்னு பிள்ளை கோயில் வாசல்லயே ஒரு மணி நேரம் நின்னா. சாமியாரு கோவிச்சுக்கிட்டாரு. கடைசியில பக்கத்து வீட்டுக்காரர்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. மூணு மணி பஸ்ஸுக்கு மாப்பிள்ளை ஊருக்கு அனுப்பியாச்சு."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எங்கூர்ல பொழுதோடன்னா சாயங்காலம்! உம்ம தமிழை எவன் கண்டான்? எங்கக்காளுக்குத் தெரியுமல்ல? அவளை எழுதச் சொல்றதுக்கென்ன கேடு?"

அக்கா வெளியே வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. பேச்சு மட்டும் எங்கள் வீட்டுப் பேச்சாகவே இருந்தது.

"நான் எழுதியிருந்தா 'நேரமே வாங்க'ன்னுதாண்டா எழுதியிருப்பேன். என்ற கையெழுத்தைப் பார்த்தா நீ கிழிச்சுப் போடுவீன்னுதான் அவரை எழுதச் சொன்னேன்."

 சேலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அவதான் போயிட்டாளே" என்றாள்.