கருங்காலித் தூண்

மகன் வாங்கி வந்த கருங்காலிக் கைத்தடியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். சித்திரை வெயிலிலும் சில்லென்றிருந்தது. பள்ளத்தூர் வீட்டுத் தூணும் இப்படித்தான் இருக்கும்.

நான் ஆத்தா வயிற்றிலிருந்தபோதே தொழிலுக்காகக் கொழும்புக்குக் கப்பலேறிய அப்பச்சி, அங்கிருந்து அனுப்பிய தூண் அது. ஆத்தா நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, அதில் முகம் தெரியும். நல்ல நாளில் எல்லாப் பிள்ளைகளும் தகப்பன் காலில் விழும்போது, "ஒங்க அப்பச்சி அனுப்புனது, இங்குட்டு விழுந்து கும்புட்டுக்க" என்று என்னைத் தூணடிக்கு அனுப்புவாள்.

எனக்கு நாலு வயதானபோது அப்பச்சி வந்தார். கூடம் நிறைய ஆட்கள். "அப்பச்சிய விழுந்து கும்புடு" என்றாள் ஆத்தா. திருநீற்றோடு நின்ற அந்தப் புது ஆளைத் தாண்டி ஓடி, தூணடியில் விழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆத்தா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பச்சியும் சிரிக்கவில்லை. "எந்திரிக்காத தாயி, நானே அங்குட்டு வாரேன்" என்று வந்து, தூணை ஒட்டி நின்றார். கண்ணை மூடியபடி கையை நீட்டினேன். விரலில் பட்டது சூடாக இருந்தது. பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

"பிடிச்சிருக்கா?" என்றான் மகன். கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.