தெற்கைப் பார்த்துப் பிடித்த வடக்கு

பொய்ப்பல் செய்து பிழைத்ததால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. கணவனைப் பிரிந்து தங்கை வீட்டுக்கு வந்த வருடமே, குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி வாங்கி, மொட்டைமாடி மூலையில் சிமெண்ட் தூண் எழுப்பித் தொலைநோக்கியை நிறுத்திவிட்டாள்.

வானம் சுழலும் வேகத்தில் தொலைநோக்கியும் சுழன்றால்தான் மங்கலானவற்றைப் படம் எடுக்கலாம். அதற்கு, அதைத் தாங்கும் மவுண்ட்டின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் துல்லியமாக நிற்க வேண்டும். மழைக்காலத்தில் கழற்றி வைத்த மவுண்ட்டை மறுபடி பூட்டியபோது துருவ நட்சத்திரத்தைக் காணவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக எழும்பிய மாடிகள் அதை விழுங்கியிருந்தன.

விஷயம் கேள்விப்பட்டுச் சங்கச் செயலாளர் வந்தார்.

"பயன்படாத பொருள் மாடியில இருக்கக் கூடாது பல்லக்கா. ஞாயித்துக்கிழமை ஆள் விட்டுத் தூணை இடிச்சிடுறேன். துணி காயப்போட இடமாச்சு."

"அந்தப் பக்கத்துக் கட்டடம் வடக்கை மட்டும்தான் மறைக்குது சார். தெற்கும் கிழக்கும் திறந்துதான் கிடக்கு."

"தெற்கைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடிப்பீங்களாக்கும்?"

"ஆமா. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்க."

அவர் போனதும் தங்கை பிடித்துக்கொண்டாள். "உனக்கு வாய் நீளம்க்கா. முடியலைன்னா மானம் போயிடும்."

"போனா புதுசா செஞ்சுக்கலாம். பல்லே செய்றவ நான்."

சனிக்கிழமை இருட்டத் தொடங்கியதும், நேர் தெற்கே இருந்த ஒரு நட்சத்திரத்தைக் கண்வில்லையின் குறுக்குக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் நிறுத்தினாள். அச்சு சரியாக வடக்கைப் பார்த்திருந்தால் அது அங்கேயே நிற்க வேண்டும். மெல்ல மேலே நழுவியது. மவுண்ட்டை மயிரிழை திருப்பினாள். இப்போது கீழே இறங்கியது. மறுபடி திருப்பினாள், நின்றது. அடுத்து, கிழக்கே தாழ்வாக இருந்த இன்னொன்றைப் பார்த்து அச்சின் உயரத்தைச் சரிசெய்து முடிக்கும் நேரம், செயலாளர் வந்து மவுண்ட்டின் மேலேயே சாய்ந்தார்.

"சார், கையை எடுங்க!"

எல்லாம் குலைந்துபோயிருந்தது. "அங்க ஓரமா உக்காருங்க, முடியிற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது" என்றாள். அவர் போய் உட்கார்ந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கடைசியில் கேமராவில் படம் வந்தது. நடுவே சுருண்ட வெளிச்சமாய்த் தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்று. சுற்றிலும் நட்சத்திரங்கள், ஒன்றுகூடக் கோடாக இழுபடாமல், குத்திவைத்த புள்ளிகளாக.

"புகை மாதிரி இருக்கே" என்றார் அவர்.

"இருக்கட்டும். பயன்படுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அவர் இறங்கிப் போனார். மறுநாள் காலை கடப்பாரையோடு வந்த ஆட்களுக்குப் பல்லக்காவே மாடிக் கதவைத் திறந்தாள். "செயலாளர்கிட்ட கேட்டுட்டு வாங்க" என்றாள். போனவர்கள் திரும்பவில்லை.