ஒரு வரி விடாமல்

அமலோற்பவம் வேண்டிக்கொண்டபோது கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிட்டாள்.

உள்ளே கணவர் சவரியப்பனின் குடலிலிருந்து கட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இவர் பிழைத்து வந்தால் ஒரு வருஷத்துக்குள் பைபிள் முழுவதையும் வாசித்து முடிப்பதாக வேண்டினாள். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "ஒரு வரி விடாம, மனசு வேற பக்கம் போகாம வாசிக்கிறேன் ஆண்டவரே" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சவரியப்பன் பிழைத்து வந்தார். மார்டள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமான புதிதில் மைசூருக்கு வந்தவர்கள் இருவரும். அவர் டைல்ஸ் ஒட்டும் வேலை, அவள் கார்மென்ட்ஸில் காலர் தைக்கும் வேலை. மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்த பிறகு அங்கேயே கேசரே பகுதியில் ஒரு மாடி வீட்டில் இரண்டே பேர். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வீட்டோடு இருந்தார். அவள் விடியற்காலையில் எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படியில் போட்டு, கம்பெனி வேன் வருவதற்குள் ஒரு மணி நேரம் வாசித்தாள்.

தொடக்கத்தில் சிரமமில்லை. வெள்ளம் வந்தது, அண்ணன்மார் தம்பியைக் குழியில் தள்ளினார்கள், கடல் பிளந்தது. கதை அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. சட்டங்களும் குலக் கணக்குகளும் வந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. கண் வரிவரியாக இறங்கிக்கொண்டே போகும். மனசு, கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கப்போகும் அடுத்த ஸ்கேனுக்குப் போய்விடும். நேற்று இட்லி இரண்டோடு எழுந்துவிட்டாரே, இளைத்திருக்கிறாரோ? சூப்பர்வைசர் லீவு தருவானா? பக்கத்தின் கடைசி வரிக்கு வந்த பிறகு யோசித்தால் என்ன வாசித்தோம் என்பது ஞாபகமிராது.

மனசு போய்விட்டதே, அப்படியானால் இது கணக்கில் சேராதே என்று மறுபடி மேலே போவாள். மறுபடியும் நழுவும். மறுபடியும் மேலே. சில நாள் ஒரே அதிகாரத்திலேயே வேன் ஹாரன் கேட்டுவிடும். பின்தங்கப் பின்தங்க ஒரு பயம் அவளைப் பிடித்தது. சவரியப்பன் ராத்திரி லேசாக இருமினால்கூட, காலையில் கவனமில்லாமல் தாண்டிய பக்கம்தான் காரணம் என்று தோன்றும். விரலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தாள். போனைக் கீழ்வீட்டு லிங்கம்மாவிடம் கொடுத்துவைத்தாள். கடைசியில் காதில் பஞ்சும் வைத்துக்கொண்டாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"ஏன் புள்ள, அதே பக்கத்துலயே நிக்கிற?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. எழுத்து பொடியா இருக்குது."

ஸ்கேனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலை, வாசிப்பு அபூர்வமாக நிலைத்து நின்றது. அத்தனையும் வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தி, விடாமல் போய்க்கொண்டிருந்தாள். "அமலா" என்று எங்கோ தூரத்தில் கேட்டது. மனசைக் கலைக்க வருகிற சத்தம் என்று நினைத்தாள். இந்த ஒரு அதிகாரத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். இன்னொரு தடவை கேட்டது. விரலை எடுக்கவில்லை.

அப்புறம் கதவு தடதடவென்று இடிபட்டது. லிங்கம்மா, பதற்றத்தில் கன்னடமும் தமிழுமாக.

"அமலக்கா! பாத்ரூம்ல அண்ணா பித்துபிட்ரு, விழுந்துட்டாரு! கீழ எனக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்கலியா?"

ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். முகம் வெளிறி, இடது மணிக்கட்டு கோணலாக மடங்கியிருந்தது. இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். எலும்பு முறிவு. வயிற்றுத் தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார்.

மாவுக்கட்டோடு திரும்பி வந்து, வீட்டில் கட்டிலில் சாய்ந்த பிறகுதான் கேட்டார்.

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"கேட்டும் வரலியா?"

அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வராந்தாவில் வேண்டியதை, திரும்பத் திரும்ப வாசித்ததை, இருமலுக்குப் பயந்ததை. கேட்ட பிறகும் அவருக்குக் கோபம் சட்டென்று இறங்கவில்லை.

"எனக்காக வாசிக்கிறதுன்னா எங்கிட்ட வந்து வாசி. அடுப்புக்கிட்ட ஒளிஞ்சு எதுக்கு? பஞ்சைத் தூக்கிப் போடு."

மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். அவர் சும்மா கேட்கிற ஆள் இல்லை. "இரு இரு, இவன் யாரு? முந்தி வந்தவனோட மகனா?" என்பார். அவள் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தேடியதாலேயே அந்தப் பெயர் மனதில் நின்றது. நடுவில் குரல் தட்டையாகிவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்.

"போயிட்டியா?"

"போயிட்டனுங்க."

"எங்க?"

"ஸ்கேனுக்கு."

"நானும் அங்கதான் இருந்தேன்" என்றார்.

அவரும் பயந்துகொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சநேரம் இருவரும் ஸ்கேனைப் பற்றியே பேசினார்கள். பிறகு விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள். பக்கத்தின் தலைக்குப் போகவில்லை. அது அவளுக்குத் திருட்டுத்தனம் செய்வதுபோல் உறுத்தியது. அவர் கண்ணயர்ந்ததும் சத்தமில்லாமல் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்து முடித்தாள். அந்த வழக்கம் உடனே போய்விடவில்லை.

ஸ்கேனில் இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "எல்லாம் வாசிச்சதாலதானுங்க" என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. அப்படிச் சொன்னால் அடுத்த தடவை வேறு மாதிரி வந்தால் அதற்கும் வாசிப்புத்தான் பொறுப்பு. சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

சொன்ன வருஷம் தீர்ந்தபோது அவர்கள் இறைவாக்கினர்களின் புத்தகங்களில்தான் இருந்தார்கள்; புதிய ஏற்பாடு முழுவதும் பாக்கி. அன்று காலை பைபிளை எடுத்து, மீதிப் பக்கங்களைப் பயத்தோடு புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டு பிரித்த கையால் சவரியப்பன் காபியைக் கொண்டுவந்து வைத்தார்.

"நேத்து எங்க விட்டோம்?" என்று கேட்டார்.

அவள் இடத்தைக் கண்டுபிடித்து, குரலைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.