ஏழு பட்டையா, ஒன்பதா?

ஞாயிற்றுக்கிழமை பழைய விமானத் திடலில் கார்ப் பந்தயம். அதற்காக இன்று அண்ணன் எங்கள் காரைப் புதுக்கோட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். கடைவீதிக்குப் போக நானும் ஏறிக்கொண்டேன்.

“ஸ்பிரிங்குல ஏழு பட்டைதான் இருக்கு மேஸ்திரி, ஒம்பதாக்குங்க. திருப்பத்துல வண்டி சாயக்கூடாது.”

“மறுபடி கழட்டணும்னா இதே மாதிரி ஒரு முழு நாளாகும், பாத்துக்கங்க.”

“கழட்டவே வேணாம்.”

திங்கட்கிழமை மதினிக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் அவர் அரிமளத்துக்குத் தாய்வீடு போவது இதே காரில்தான். பட்டை கூடி ஸ்பிரிங் விறைத்தால் குலுக்கல் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கு என்று பௌதிகம் படித்த எனக்குத் தெரியும். அத்தனை ஆண்கள் நடுவில் வாய்தான் வரவில்லை.

மாலையில் வேலை முடிந்தது. பட்டறைச் சொம்பில் தண்ணீர் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் ரயில்வே கேட் வரை ஓட்டித் திரும்பினார்.

“எப்புடி, கல்லு மாதிரி நிக்கிதா?”

காலிச் சொம்பைக் காட்டினேன். புடவை நனைந்து ஒட்டியிருந்தது.

“மதினி இங்கதான் உக்காரணும்,” என்றேன்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. சக்கரத்தையே பார்த்தார்.

“ரெண்டையும் கழட்டிருங்க மேஸ்திரி.”

பந்தயத்தில் அண்ணன் தோற்றால் பழி எனக்குத்தான். இதைப் படித்துவிட்டு அவர் பக்கம் பேசுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் முதலில் மடியில் ஒரு சொம்புத் தண்ணீரோடு அரிமளம் வரை போய்வந்துவிட்டு எழுதுங்கள்.